திருகாணிக்குள் ஒட்டியிருந்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியின் சின்ன ஆபீசில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கத்து ஆலைகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவந்து ஈப்போ கடைகளில் இறக்குவதுதான் கம்பெனியின் தொழில். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். கோலா கங்சார் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, அண்ணன் தன் மோட்டார் சைக்கிளை விற்று என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். அந்தப் படிப்புக்காகத்தான் இந்த வேலை கிடைத்தது. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஈப்போவில் வாடகை வீடு எடுத்திருந்தோம்.

முதலாளிக்குக் கம்ப்யூட்டர் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. மருமகன் விடாமல் நச்சரித்ததால் வாங்கினார். ஒரு வருடம் பார்ப்பேன், சரிவராவிட்டால் தூக்கி ஸ்டோரில் போட்டுவிட்டுப் பழையபடி டைப்ரைட்டருக்கே போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். டைப்ரைட்டர் அடிக்க அங்கே ஏற்கெனவே ஓர் அக்கா இருந்தார். பெட்டி ஸ்டோருக்குப் போனால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். முன்னால், பின்னால், இரண்டு கதவு என்று ஒவ்வொரு லோரிக்கும் நாலு பக்கமும் சந்தனம், குங்குமம். வைத்தவர் எங்கள் மூத்த டிரைவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். லோரிகள் முடிந்ததும் தட்டோடு ஆபீசுக்குள் வந்தார்.

"இதுவும் நமக்குச் சோறு போடுற வண்டிதானே, தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நாலு பக்கமும் வைத்தார். பின்பக்கத்தில், மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில், ஒரு திருகாணிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அது கிழிந்தால் வாரண்டி கிடையாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். திருகாணியும் ஸ்டிக்கரும் சேர்ந்து மறையும்படி அங்கே ஒரு பெரிய பொட்டு விழுந்தது. பிறகு முதலாளி வந்து சாம்பிராணி காட்டினார். அறை முழுக்கப் புகை. எல்லோருக்கும் சந்தோஷம்.

தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய ஒரு காலை, கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல் டக் டக் என்று சத்தம். திரையில் ஹார்டு டிஸ்க்கையே காணோம் என்று வந்தது. கணக்குகளை அவ்வப்போது பிளாப்பியில் எடுத்து வைத்திருந்ததால் அவை தப்பித்தன. ஆனால் டிஸ்க் செத்துவிட்டது. வாங்கிய கடையில் சும்மா மாற்றிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இதற்குமேல் ஒரு காசு போடமாட்டேன் என்றார் முதலாளி. சாம்பிராணிப் புகைதான் கெடுத்துவிட்டதோ என்ற சந்தேகம் அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனாலோ என்னவோ, கடைக்கு என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

நான் பெட்டியைக் கட்டுவதற்குள் டிரைவர் அண்ணன் ஒரு காரியம் செய்துவிட்டார். கடைக்காரன் சந்தனத்தைப் பார்த்தால் வாரண்டி கிடையாது என்றுவிடுவான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லோரி துடைக்கும் ஈரத்துணியால் பெட்டியை அழுத்தித் துடைத்தார். குங்குமம் கரைந்து பின்பக்கம் முழுக்கச் சிவப்பாக வழிந்தது. ஸ்டிக்கரின் ஒரு மூலை கிழிந்து துணியோடு வந்துவிட்டது.

"கொஞ்சமாத்தான் கிழிஞ்சிருக்கு, ஒண்ணும் தெரியாதுலா" என்றார். துணியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் அவர் மெதுவாக ஏற்றி இறக்கினார். அவ்வளவு பூப்போல அவர் லோரி ஓட்டி நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் கண்ணாடி போட்ட ஒரு சீனர். என் அண்ணன் வயதிருக்கும். பெட்டியைத் திருப்பியதுமே அவர் கை நின்றுவிட்டது. தண்ணீர் புகுந்து துருப்பிடித்த மாதிரி இருந்தது அந்தச் சிவப்பு. யார் இதைத் திறந்தது என்று மலாயில் கேட்டார். யாரும் திறக்கவில்லை பாஸ், சும்மா தூசி துடைத்ததுதான் என்றார் டிரைவர் அண்ணன். கடைக்காரர் தலையை ஆட்டினார். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கோலாலம்பூர் தலைமை ஆபீசில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி, பெட்டியை எங்கள் பக்கமாகத் தள்ளினார்.

முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசமாட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் வேறு யாராவது மணியடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள். அன்றைக்கு அந்தப் பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது. பள்ளிக்கூடத்து மலாயில் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு இப்படி ஒரு பூஜை உண்டு, சோறு போடும் கருவிக்கெல்லாம் பொட்டு வைப்போம், இதற்கும் வைத்தோம், அது தெரியக்கூடாது என்று துடைத்தோம், அதில்தான் கிழிந்தது. சொல்லி முடித்தபோது என் இரண்டு காதும் சுட்டது. டிரைவர் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. லோரிக்குமா வைப்பீர்கள் என்று கேட்டார். எல்லா லோரிக்கும் என்றேன். டயருக்கும் எலுமிச்சம்பழம் உண்டு என்று டிரைவர் அண்ணன் சேர்த்துக்கொண்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினார். அப்படியே குனிந்து வெகுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு ஸ்குரூடிரைவர் நுனியால் காட்டினார்.

திருகாணியின் தலையில் இருக்கும் குறுக்குப் பள்ளத்தில், ஈரத்துணி எட்டாத இடத்தில், காய்ந்த சந்தனம் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது.

"இது உங்க பூஜையில வெச்சதா?"

ஆமாம் என்றேன்.

"அப்படின்னா அன்னையிலேருந்து இந்தத் திருகாணிய யாரும் தொடல. தொட்டிருந்தா இது உதிர்ந்திருக்கும். நீங்க வாங்கும்போது ஸ்டிக்கர் ஒட்டினது நான், மூடி சேர்ற இடத்துல அது இன்னும் நான் ஒட்டின மாதிரியே இருக்கு. மூலை கிழிஞ்சது துணியாலதான்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். கோலாலம்பூரில் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

புகையால் கெட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பின்பக்கம் கை காட்டினார். சுவரில் சிவப்பு நிறத்தில் அவர்கள் சாமி மாடம். அதன் நேர் கீழே இரண்டு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தன.

"என் பொண்டாட்டி தினமும் ஊதுபத்தி கொளுத்துறா. சாம்பலெல்லாம் கீபோர்டு மேலதான் விழுது. இது உங்க சாமி பண்ணினது இல்ல. பேக்டரி பண்ணினது" என்றார்.

திரும்பும்போது டிரைவர் அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாத்தியா தங்கச்சி, அண்ணன் வெச்ச சந்தனம் காப்பாத்திருச்சி."

"நீங்க தொடச்சதுலதாண்ணே மாட்டிக்கிட்டோம்" என்றேன்.

அதுவரை அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. சிவப்பு விளக்கில் நின்றிருந்த லோரிக்குள் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சில வாரங்கள் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. புது டிஸ்க் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, காசு வாங்காமல் கொடுத்தார்கள். பெட்டியின் பின்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்திருந்தார் கடைக்காரர். முன்பக்கத்தில் லேசாக ஒட்டியிருந்த பழைய பொட்டை மட்டும் அப்படியே விட்டிருந்தார். முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். பெட்டியையா என்னையா என்று நான் கேட்கவில்லை. அந்த ஆபீசில் நான் இன்னும் பல வருடங்கள் வேலை பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கடைக்காரருக்குச் சுண்டலும் பொங்கலும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சீனப் புத்தாண்டுக்கு அவர் ஒரு பை ஆரஞ்சு அனுப்பினார். பொட்டை இனி ஸ்டிக்கரில் படாமல் வையுங்கள், திருகாணிக்கு வைக்க மறந்துவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இன்றைக்கும் ஒரு கவுண்டர் முன்னால் போய் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம், நாங்கள் அழிக்கப் பார்த்த அந்தச் சந்தனமே எங்களுக்குச் சாட்சியாக நின்றதையும், அது என்னவென்று சொல்ல அன்று எனக்கு வாய் வந்ததையும் நினைத்துக்கொள்வேன். குரல் மெல்ல வந்துவிடும்.