பஸ் ஜன்னலும் ஒற்றைக் கதவும்

பழைய சாமானை வைத்துப் புது வீடு கட்டிக் கொடுக்கிற தொழிலில் சாமான் மட்டும்தான் பழசு, தலைவலி தினமும் புதுசு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூரில் ஒரு பக்கம் இடித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான். இடிக்கிற இடத்தில் கதவு, ஜன்னல், ஓடு, செங்கல் எல்லாம் வாங்கி, கட்டுகிற இடத்தில் பொருத்திக் கொடுப்பேன். உடன் மேஸ்திரி முனியப்பா. தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் சமாதானம் சொல்வார், தமிழில் சிமெண்ட் கேட்பார். ஒரு வீடாவது கட்டிப் பார்த்தவர் என்றால் நீங்களும் என் கூடப் பட்டவர்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

டம்ளர் படம்

செல்வம் திருநெல்வேலிக்காரர். இங்கே ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்குகிற மரப்பெட்டிகளின் பலகை அருமையாக இருக்கும். அதை வாங்கி இழைத்து, அவர் வீட்டுக்கு ஷெல்ஃப், பரண், பூஜை அலமாரி எல்லாம் செய்தோம். பெட்டிமேல் இருந்த அச்செழுத்தையெல்லாம் தேய்த்து எடுத்தாயிற்று என்றுதான் நினைத்தேன். வார்னிஷ் அடித்ததும் பூஜை அலமாரிக் கதவில் ஒரு படம் மட்டும் மெதுவாக மேலே வந்தது. காலோடு கூடிய கண்ணாடி டம்ளர். சரியாக முருகர் படத்துக்கு நேர் மேலே.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு, மகளைத் தனியே கூட்டிப்போய், மாப்பிள்ளைக்கு எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார். மகள் அழ, செல்வம் வியர்க்க, என்னைக் கூப்பிட்டார்கள். "இது குடிக்கிற டம்ளர் இல்லைம்மா. உள்ளே உடையிற பொருள் இருக்கு, பாத்து பதனமா தூக்குங்கன்னு அர்த்தம்" என்று விளக்கினேன். அந்த அம்மா படத்தையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்படின்னா இதைக் கழட்டி எம்மவ ரூம் கதவுல மாட்டுங்க. மாப்ளைக்கு அது தெரியணும்லா."

ஜன்னலோரம்

டீக்கடை ராஜண்ணாவுக்கு ஹாலில் நிறைய ஜன்னல் வேண்டும், ஆனால் செலவு கூடாது. கழித்துக் கட்டிய பஸ் ஒன்றின் ஜன்னல்களை, தூக்கி இறக்குகிற ஷட்டரோடு, முனியப்பா வரிசையாகப் பதித்துவிட்டார். நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ராஜண்ணா பூரித்துப் போனார்.

புதுமனை விருந்தன்று அந்த ஹாலில்தான் பந்தி. முதல் பந்தி பாயசத்துக்கு வரும்போதே வெளியே நின்றவர்கள் ஷட்டரைத் தூக்கி, துண்டு, கர்ச்சீப், ஒருவர் தன் சாப்பாட்டுப் பை என்று உள்ளே பெஞ்சில் போட்டு இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கோபத்தில் ஷட்டரை இறக்கினார்கள். ஒருவர் விரல் நசுங்கிச் சண்டையாகிவிட்டது. கடைசிப் பந்தியும் முடிந்தது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கம்பியில் கை வைத்து, வெளியே பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். ராஜண்ணா சாம்பார் வாளியோடு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் சாப்ட்டாச்சு மேடம். ஒருத்தரும் எறங்க மாட்டேங்கறாங்க."

இரும்புக் கதவு

தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டி மாதப்பாவுக்கு நிலம். கேழ்வரகு மூட்டை வைக்கிற அறையின் பலகைக் கதவை யானை பிய்த்துப் போட்டு, ஒரு வருஷத்துச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூடிப்போன ஃபேக்டரி ஒன்றிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த கனமான இரும்புக் கதவைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. "கதவு சரி, உங்க செவுரு மண்ணு வெச்சுக் கட்டினது. அதையும் மாத்தணும்" என்றேன். "யானையும் நம்மளாட்டம் வாசல் வழியாத்தானம்மா வரும்" என்றார். நிலையை ஆழமாகப் புதைத்து, கான்கிரீட் போட்டு நிறுத்திக் கொடுத்தோம்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் ஒரு நாள் காலையில் போன் வந்தது. நாங்கள் போனபோது கதவு அப்படியே நின்றுகொண்டிருந்தது. பூட்டுகூட அசையவில்லை. சுவர்தான் இல்லை. மூட்டைகள் வயல் வரைக்கும் சிதறிக் கிடந்தன. நல்லவேளை, வீட்டு ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதப்பா கதவுக்கு முன்னால் நின்று இடுப்பில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். திறந்தார், முக்கித் தள்ளினார், உள்ளே போனார், மிச்சமிருந்த தானியத்தைக் கையால் கூட்டிக் குவித்தார். "அதான் பக்கத்துல பூரா தெறந்து கெடக்குதே" என்றேன். அவர் நிமிரவில்லை.

"சாவிய கையில வெச்சுக்கிட்டு செவுத்து வழியா நொழஞ்சா, அதுக்கும் நமக்கும் என்னம்மா வித்தியாசம்?"

பாகம் பிரித்த கதவு

நாகரசம்பட்டியில் கோவிந்தன், சின்னசாமி என்று அண்ணன் தம்பி. மாந்தோப்பில் வந்த சண்டையில் பேச்சு நின்று, அப்பா கட்டிய வீட்டையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பாதியைப் பிரித்து, அதே செங்கல்லில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வீடு கட்டித் தரச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போனது, வாசல் கதவு வரைக்கும். ரெட்டைக் கதவு, தேக்கு. இருவரும் விடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் யோசித்து, ஆளுக்கு ஒரு கதவு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நான் இருவருக்குமே மறுபாதிக்கு ஒரு கதவு தருவதாகக் கெஞ்சிப் பார்த்தேன். அப்பா வைத்த கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவா என்று இரண்டு பேரும், தனித்தனியாக, ஒரே வார்த்தையில் மறுத்தார்கள். முனியப்பா மூன்று பாஷையிலும் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு வீட்டிலும் பெரிய நிலையில் ஒற்றைக் கதவை மாட்டினார். மிச்சப் பாதி வழியாக ஆடு போனது, நாய் போனது. கடைசியில் அண்ணன் அந்தப் பாதிக்குக் குறுக்கே கட்டில் போட்டுப் படுத்தார். எதிர் வீட்டில் தம்பியும் அதையே செய்தார்.

மழைக்குப் பிறகு ஓட்டில் ஒழுக்கு பார்க்கப் போனேன். கட்டில் இன்னும் வாசலிலேயே கிடந்தது. "இப்பவாவது இன்னொரு கதவு போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டேன். எதிர் வீட்டில் தம்பி இருமிக்கொண்டிருந்தார். கோவிந்தன் உள்ளே திரும்பி, சுடுதண்ணி வைத்து எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு எனக்குப் பதில் சொன்னார்.

"வேண்டாம்மா. கதவு இருந்தா சாத்தணும். சாத்திட்டா அவன் இருமுறது கேக்காது."

இன்றைக்கும் யாராவது வந்து, பழைய சாமானில் கட்டினால் வீடு தாங்குமா என்று கேட்டால், வீட்டுக்கு நான் பொறுப்பு, உள்ளே குடியிருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் கேரண்டி கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அளவெடுக்கிற டேப்பைக் கையில் எடுக்கிறேன்.