கட்டபெட்டுக்குப் போன காலியம் பாட்டில்

போன மே மாதம் நான் நீலகிரி மலையில் இருக்கும் கட்டபெட்டுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. தங்கை சுதாவுக்கு ஒரு உலோகத்தைக் கொண்டு சேர்க்க. அவள் கோவையில் வேதியியல் ஆய்வாளர். காலியம் என்ற உலோகத்தில் கொஞ்சம் நிக்கல் கரைத்து, நன்றாகச் சூடாக்கி, உள்ளே பழைய சமையல் எண்ணெயை விட்டால் பிளாஸ்டிக் செய்வதற்கான வாயுக்கள் கிடைக்குமாம். திட வினையூக்கி கரி படிந்து வீணாகும். திரவத்தில் கரி மேலே மிதக்கும், வழித்துவிடலாம். தேயிலை உலர்த்தும் அடுப்பில் வீணாகும் சூட்டைப் பயன்படுத்த, அந்த ஊரில் ராஜு என்பவரின் தேயிலை ஃபேக்டரியில் ஆறு மாதத்துக்கு ஒரு ஷெட் கேட்டிருந்தாள். மற்ற ஃபேக்டரிகள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. இவர் சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் முடிவு சொல்வதாக இருந்தார்.

அவள் முதல் நாளே போய்விட்டாள். பிளாஸ்டிக் டப்பாவில் அவள் விட்டுப்போன காலியத்தை நான் அழகுக்காகக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றினேன், கழுத்து வரை. ஐம்பது மில்லிதான், முந்நூறு கிராம் கனம்.

மேட்டுப்பாளையத்தில் 6.40க்குப் பஸ். கோத்தகிரி 33 கிலோமீட்டர், 8.15க்கு இறங்கினேன். நல்ல குளிர். அங்கிருந்து கட்டபெட்டுக்கு ஆட்டோ, 300 ரூபாய். பாதி வழியில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, பையில ஏதோ டப்புன்னுதுங்களே?"

பாட்டில் விரிசல் விட்டிருந்தது. கோவை வெயிலில் தண்ணீராய் ஓடிய காலியம் கல்லாகியிருந்தது. உறைந்தால் விரியும் உலோகமாம். ஃபேக்டரி வாசலில் சுதா பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீழ விழுந்துருச்சுன்னு சொல்லீரு," என்றேன்.

அவள் அதை அப்படியே ராஜுவின் மேஜையில் வைத்தாள். "எங்க லேப் சூட்டுல இது உறைஞ்சதே இல்லீங்க. நான் இதைச் சூடாக்குற குழாயும் கண்ணாடிதானுங்க. ராத்திரி அடுப்பு ஆறுனா அதுவும் இப்படித்தான் ஒடையும். இன்னைக்கு ஓட்ட முடியாதுங்க."

 ராஜு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஷினு விக்க வர்றவங்க யாரும் எங்க குளிரைப் பத்தி யோசிச்சதே இல்லீங்க," என்றார். "ஷெட்டை வேற யாருக்கும் தர மாட்டனுங்க. வேற குழாயோட வாங்க."

காலியம் கொண்டுபோகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் டப்பா போதும், கால்பங்கு காலியாக விடுங்கள். அலுமினியப் பாத்திரத்தின் பக்கமே போக வேண்டாம், அரித்துவிடும். மே மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் உடைந்ததற்குச் சுதா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கீழே விழுந்ததாகச் சொல்லச் சொன்னேனே, அதற்காகத்தான் திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.