குகுலி வீட்டுக் கிவி மாத்திரைத் தட்டு

குகுலி வீட்டுப் பக்கம் போனவர் யாரும் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு திரும்பியதாகக் கொரிஸ்வேலியில் பேச்சே கிடையாது. தபால்காரன் வந்தால் சூடான சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும். மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் முதலில் ஒரு குவளை ஒயின் குடித்தாக வேண்டும், மீட்டர் அப்புறம். ஒரு வருஷம் மழையில் பஸ் பழுதாகி அவள் வேலியோரம் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பதினேழு பேரையும் இறக்கிக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டாள். பஸ் சரியாகி அரைமணி நேரம் ஆகியும் ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை.

அவள் லஞ்சுகுதிப் பக்கத்துப் பெண். நாலு பெண்களில் மூன்றாமவள். அவளுடைய அம்மாவும் புருஷன் வாலிகோவின் பெரியம்மாவும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அந்த வழியில் வந்த சம்பந்தம். வாலிகோ வாய் திறக்காத மனுஷன். அவனுக்கும் சேர்த்துப் பேசவே பிறந்தவள் மாதிரி அவனுடைய அக்கா தாரிகோ. கல்யாணமான மறுநாளே அவள் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்ன சொல் ஊரில் இன்னும் நிற்கிறது: "இவ கையில அஞ்சு விரலும் இருக்கு. மூடத்தான் ஒண்ணுக்கும் தெரியல."

தேயிலை போன பிறகு ஊரே கிவிக் கொடி போட்டது. பெரிய பழத்தை வியாபாரி எடுத்துக்கொள்வான். கோழிமுட்டையைவிடச் சின்னது என்றால் திரும்பியும் பார்க்கமாட்டான். குகுலியின் தோட்டத்தில் பாதி அந்தச் சின்னதுதான். எத்தனை ஜாம்தான் காய்ச்சுவது? மிச்சமெல்லாம் பன்றிக்கு.

தாரிகோவின் மகள் எலிசோ பத்தூமியில் பல் டாக்டர். போன அக்டோபரில் ஒருநாள் மாமன் வீட்டுக்கு வந்தவள், கூடையில் கிடந்த சின்னப் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, கிழட்டுக் கோழிய எப்படி வேகவைக்கிற?"

"கிவியப் பிசைஞ்சு தடவி வைப்பேன். ஒரு மணி நேரத்துல பஞ்சு மாதிரி ஆயிடும். ஏன்டி, பசிக்குதா?"

"பசி இல்ல அத்தை. கறிய அப்படி இளக வைக்கிறது இதுல இருக்கிற ஒரு நொதி. பல்லுல நாள்பட ஒரு பசை படியுதே, அதையும் இது இளக்கும்னு நினைக்கிறேன். கெட்டியாகிக் காரையாப் போனத ஒண்ணும் பண்ணாது. பசையா இருக்கும்போதே அடிச்சா விடும்."

பழத்தைச் சூடு காட்டாமல் உலர்த்திப் பொடித்து மாத்திரை செய்திருந்தாள். இனி அதைச் சோதித்துப் பார்க்க ஊரில் முப்பது பேர் வேண்டும். முதல்நாள் எல்லாருக்கும் அவளே பல்லைச் சுத்தம் செய்துவிடுவாள். அப்புறம் ஐந்து நாள் ஒருவரும் பல் தேய்க்கக் கூடாது. சாப்பிட்டதும் மாத்திரையை மெல்லவேண்டும். பதினைந்து பேருக்குச் சிவப்பு மூடி டப்பா, பதினைந்து பேருக்கு நீல மூடி. ஒன்றில் கிவி, மற்றதில் வெறும் மாவு; நிறமும் புளிப்பும் ஒன்றுதான். எதில் எது என்பது அவளுக்கே தெரியாது. பத்தூமியில் வேறொருவர் டப்பாவில் போட்டு, எழுதி ஒட்டிய உறைக்குள் இருந்தது. கிவிக்காரர்கள் பல்லில் பசை குறைந்திருந்தால், ஊரிலேயே ஒரு கொட்டகை போட்டு மாத்திரை செய்வார்கள், சின்னப் பழம் முழுக்க அதற்குப் போகும். குறையவில்லை என்றால் எலிசோவின் இரண்டு வருஷ வேலை பாழ்.

டப்பாக்களைக் குகுலியிடம் ஒப்படைத்தபோது தாரிகோ தலையில் அடித்துக்கொண்டாள். "வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?"

"அண்ணி, நான் என்ன சின்னப் பிள்ளையா? அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்கு. அவ்வளவுதானே?"

எலிசோ பத்தூமிக்குப் போய்விட்டாள். முதல்நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் காப்பிக்கு ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். வாலிகோவின் சித்தப்பா மகன் அம்புரோசி நீலக்காரன்.

"அண்ணி, சிவப்புதான் நல்ல சரக்காமே? நாங்க என்ன மாட்டுத் தொழுவத்துலயா பொறந்தோம்?"

"யாருடா சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூடியப் பாத்தாலே தெரியுதே."

வீட்டுக்கு வந்தவன் முகம் வாடினால் குகுலிக்குத் தாங்காது. தன் சிவப்பு டப்பாவையும் அவன் நீல டப்பாவையும் கண்ணாடித் தட்டில் கொட்டிக் கலந்தாள். நடுவில் நாலு அக்ரோட்டுப் பருப்பையும் வைத்தாள். "எடுத்துக்கோங்க, எல்லாரும் எடுத்துக்கோங்க." சட்டத்தை மீறியதாக அவள் மனசில் ஒரு துளி எண்ணம் கிடையாது. டப்பாவில் இருக்கிறவரை மருந்து. தட்டில் வைத்தால் விருந்து. விருந்தை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஐந்தாம் நாள் எலிசோ சிவப்புச் சாயத்தோடு பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்தாள். சாயத்தைக் கொப்பளித்தால் பசை இருக்கிற இடம் சிவக்கும். முப்பது பேரும் மாதுளை தின்ற குரங்குகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்து இளித்தார்கள். எலிசோ ஒவ்வொரு வாயாகப் படம் எடுத்து, எண்ணி, எழுதி, கடைசியில் உறையைப் பிரித்தாள். திரும்ப ஒருதரம் எண்ணினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. கிவில ஒண்ணுமில்ல அத்தை. மாமாகிட்ட சொல்லிடு, பழத்தப் பன்னிக்கே போடட்டும்."

குகுலிக்கு அப்போதுதான் கண்ணாடித் தட்டு நினைவில் வந்தது. எதிரே தாரிகோ நிற்கிறாள்; சொன்னால் சாகிறவரை சொல்லிக் காட்டுவாள். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. கிவிதான் தோற்றது என்று போய்விடும். அந்தப் பெண் முக்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"கிவிய ஒண்ணும் சொல்லாதடி. தப்பு என்னோடது. தட்டுல கலந்து எல்லாருக்கும் குடுத்தேன்."

"எந்தத் தட்டு?"

"பெரிய கண்ணாடித் தட்டு. ரெண்டாம் நாளு. மூணாம் நாளும். அப்புறமும்தான்."

தாரிகோ வாயைத் திறப்பதற்குள் அம்புரோசி முந்திக்கொண்டான். "அண்ணிய மட்டும் சொல்லாத எலிசோ. என் பங்குல பாதிய மச்சினனுக்குக் குடுத்துட்டேன். அவன் ஆசையாப் பாத்தான்." பள்ளிக்கூட வாத்தியாரம்மா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்குக் கொடுத்தாளாம். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, யாருக்கும் கொடுக்காதவர் ஒருவர்தான் மிஞ்சினார்: பொலிகார்ப்பே. அந்தக் காலத்தில் தேயிலை நிறுக்கத் தராசு பிடித்தவர். அந்தத் தராசை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் ஒருத்தன்தான் ஒழுங்கு," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"உன் வீட்டுக்கு யாரு வந்தா, நீ குடுக்க?" என்றான் அம்புரோசி.

கொல்லென்று சிரித்தார்கள். எலிசோ மட்டும் சிரிக்கவில்லை. "ஒருத்தர் பல்ல வச்சு நான் என்னத்த எழுதறது? இந்த ஊருல இது நடக்காது அத்தை. குடுக்காதன்னு சொன்னா உங்களுக்குக் காய்ச்சலே வந்துடும்."

"ஆமா, வரும்," என்றாள் குகுலி. "அப்ப ஏன் குடுக்காதன்னு சொல்ற? விருந்துல பாதிப் பேருக்கு ஒரு ஒயினும் மீதிப் பேருக்கு இன்னொண்ணுமா ஊத்துவோம்? எல்லாருக்கும் ஒண்ணு. அது தீந்தாத்தான் அடுத்தது. முதல்ல அஞ்சு நாளு ஊரே ஒரு டப்பா தின்னட்டும். அடுத்த தடவை ஊரே மத்த டப்பா. யாரு யாருக்குக் குடுத்தா என்ன? ஒரே சரக்குதானே? அவனவன் வாய அவனவன் வாயோடயே ஒத்துப் பாரு."

எலிசோ எழுந்து வந்து அத்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"அப்படியும் ஒரு முறை இருக்கு அத்தை. எனக்குத்தான் தோணல."

"திரும்பவும் இவகிட்டயா குடுக்கப் போற?" என்றாள் தாரிகோ.

"இவங்ககிட்டதான்மா."

புது டப்பாக்கள், புது உறை. முதல் டப்பா ஐந்து நாள், பிறகு சாயம். பத்து நாள் எல்லாரும் பல் தேய்த்து ஓய்வு. திரும்பச் சுத்தம் செய்து இரண்டாம் டப்பா ஐந்து நாள். தட்டு குகுலியின் மேசையை விட்டு இறங்கவே இல்லை. பதினொரு வருஷம் அந்த வாசலை மிதிக்காத பொலிகார்ப்பே கூட வந்து, ஒரு மாத்திரையைக் கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. குகுலி அவருக்குக் காப்பி ஊற்றினாள்.

இரண்டாம் டப்பா முடிந்து சாயம் கொப்பளித்தபோதே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. எலிசோ எண்ணி முடித்தாள்: மூன்றில் ஒரு பங்கு சிவப்பைக் காணோம். உறையை எடுத்துப் பிரித்தாள். முப்பது பேரும் நெருங்கி வந்து நின்றார்கள். வாலிகோ தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"இரண்டாவதுதான் கிவி."

போட்ட கூச்சலில் அடுத்த தெரு நாய்களெல்லாம் குரைத்தன. "அதுக்காகப் பல் தேய்க்கறத விட்டுடாதீங்க! இது பிரஷ்ஷோட சேத்துதான்!" என்று எலிசோ கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

சாயங்காலம் விருந்துக்கு நடுவில் எலிசோ ஒரு மூலையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். தாரிகோ எட்டிப் பார்த்தாள்.

"மாத்திரைய எப்படிக் குடுத்தீங்கன்னு கேக்கற இடத்துல என்னடி எழுதியிருக்க?"

"நடந்ததத்தாம்மா. 'குகுலி அத்தையின் தட்டிலிருந்து, வந்தவர் எல்லாருக்கும்.'"

தாரிகோ ஒருதரத்துக்கு இரண்டுதரம் படித்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "அக்ரோட்ட விட்டுட்டியே," என்றாள்.