வெர்லினின் வண்டிக்கு விழுந்த முத்திரை

தெற்கு ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பழைய வண்டி கைமாறினால் ரோவீனாவிடம் போகாமல் ஆகாது. மாட்டுத் தீவனக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறவள்தான். ஆனால் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் அரசாங்கம் கொடுத்த நோட்டரி முத்திரை இருந்தது. வண்டியை விற்கிறவர் உரிமைப் பத்திரத்தில் அவள் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். நேரில் பார்த்தேன் என்று அவள் முத்திரை குத்த வேண்டும். சட்டம் அவ்வளவுதான். நம் ஜனங்கள் கேட்பார்களா? வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்தைப் போட்டு எடுத்து வந்து நிற்பார்கள்.

"என் தம்பி கையெழுத்து உனக்குத் தெரியாதா ரோவீனாக்கா?"

"அவன் கையெழுத்தும் தெரியும், உங்க ரெண்டு பேர் யோக்கியதையும் தெரியும். ஆளைக் கூட்டிட்டு வா, போ!"

திட்டிக்கொண்டே போவார்கள், ஆளோடு திரும்பி வருவார்கள். கூலியாக வீட்டில் சுட்ட ஆப்பிள் பையோ தோட்டத்துத் தக்காளியோ கல்லாமேல் வைப்பார்கள். புருஷன் போன பிறகு ரோவீனாவுக்கு ஊரில் இருந்த கௌரவமே அந்தக் கறார்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

வசந்தத்தில் விற்பனைக்குக் கோழிக்குஞ்சுகள் வந்திறங்கும் நாள் ஒன்றில், கடை முழுக்கக் கீச்கீச்சென்று இரைச்சல், வெளியே கொட்டும் மழை, கல்லாவில் வரிசை. அந்த நேரம் பார்த்து ஓப்பல் வந்தாள். தேவாலயத்தில் ரோவீனாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. அவள் கணவர் வெர்லினுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் மனிதர் பிக்கப் வண்டியை விடுவதாயில்லை. கடை வாசல் தபால் பெட்டியை இரண்டு தடவை சாய்த்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் சாலை வேறு. ஓப்பல் அந்த வண்டியின் பத்திரத்தை நீட்டினாள். விற்பவர் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"வெர்லின் அண்ணன் எங்கடி?"

"வாங்குறவரோட வண்டியிலதான் உக்காந்திருக்காரு. முட்டி வலி, மழை வேற. இறங்க மாட்டேங்குறாருக்கா."

ஓப்பல் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வாசல் வரை போய் எட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அது தெரிந்துதான் ரோவீனா போகவில்லை. அந்த மனிதர் யாரையாவது ஏற்றிக் கொல்வதற்குள் வண்டி தொலையட்டும் என்று நினைத்தாள். முத்திரையை எடுத்துக் குத்தினாள். ஓப்பல் அவள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு மழையில் ஓடினாள்.

வண்டியைக் காணோம் என்று வெர்லின் ஷெரிஃப் ஆபீசில் புகார் கொடுத்தார். அங்கிருந்து வந்த ஆள் பத்திரத்தின் நகலைக் காட்டினான். மறுநாள் அவர் ஓப்பலோடு கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கல்லா முன்னால் நின்றார்.

"ரோவீனா, நான் இங்க வந்து கையெழுத்துப் போட்டேனாம்மா? எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. நீங்க போட்டீங்கன்னு ஓப்பல் சொல்றா. ஆனா அவளை விடு. உன் முத்திரை இருக்கே! ஆள் நிக்காம நீ குத்த மாட்டியே."

அவருக்குப் பின்னால் ஓப்பல் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் கெஞ்சினாள். ரோவீனா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அன்னிக்கு நல்லாத்தான் பேசினேனா?"

"நல்லாத்தான் பேசினீங்க அண்ணே."

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் வெர்லின். தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடவில்லை. வரி மறந்துபோனால் அவமானம் என்றாராம். சாப்பிட்டேனா, சாப்பிட்டேனா என்று ஓப்பலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோவீனாவின் கையைக் குலுக்கி, "ரோவீனாதானே?" என்றார். விளையாட்டுக்கு என்று நினைத்து அவள் சிரிக்கப் போனாள். அவர் தன்னையே சோதித்துப் பார்க்கிறார் என்று புரிந்ததும், ரோவீனாதான் அண்ணே என்றாள்.

வெளியே வந்ததும் ஓப்பலைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லிடலாம்டி."

"இருக்கா. கொஞ்ச நாள்ல மறந்துடுவாரு."

"மறந்துடுவாருன்னு சொல்றியே, பாவி! உனக்கே நல்லா இருக்கா?"

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனாள். வெர்லின் காலியான வண்டி ஷெட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அன்னிக்கு கடைக்கு வரவே இல்லண்ணே. ஓப்பல்தான் உங்க கையெழுத்தைப் போட்டு எடுத்துட்டு வந்தா. நான் பார்க்காமலே குத்திட்டேன்."

"திருப்பிச் சொல்லு."

சொன்னாள். வெர்லின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப என் புத்தி கெடலையா?"

"கெட்டது என் புத்திதான். ஷெரிஃப் கிட்ட போய்ச் சொல்லிடறேன். முத்திரையைப் பிடுங்கினா பிடுங்கட்டும்."

"அதெல்லாம் வேணாம். ஓப்பல் மாட்டிக்குவா. அவ பயத்துல செஞ்சா. நான் ஓட்டுற லட்சணம் எனக்கே தெரியாதா என்ன? வண்டி போனது போகட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "உன் கடையில கூட்டம், மழை. குத்திட்ட. அதையும் விடு. ஆனா நானே வந்து உன் முன்னால நின்னு கேட்டேனே, ரோவீனா. அப்ப ஏன் தலையாட்டின?"

ஓப்பல்தான் கெஞ்சினாள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஊரில் தன் பேர் கெடக்கூடாதென்றுதான் தலையாட்டினாள் என்பது அவளுக்கே தெரியும்; அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெர்லின் பதிலுக்குக் காத்திருந்தார்.