தோ பாயோவில் பிறந்தவளுக்கு ஒரு வகுப்பு

தேக்கா உணவங்காடியில் மதிய நெரிசல். மீன்கறிச் சோற்றுடன் என் எதிரே வந்து உட்காருகிறாள் வான்மதி. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு, அலுவலகத்தில் எப்படிப் பேசிப் பழகுவது என்று பயிற்சி தர நான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். காலை வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

"ஊர் பழகிடுச்சாம்மா?"

"நான் இந்த ஊரு தோ பாயோல பொறந்தவக்கா. எங்க தாத்தாவும் இங்கதான் பொறந்தாரு."

"அப்புறம் எதுக்கு இந்த கிளாஸ்?"

"பாஸ் அனுப்புனாரு. அவரே லண்டன்லேர்ந்து இப்பதான் வந்தாரு. என் பேரையும் மூஞ்சியையும் பார்த்து, ஊருக்குப் புதுசுன்னு முடிவு பண்ணிட்டாரு லா. வரலேன்னா அப்ரைசல்ல எழுதிடுவாராம்."

சென்னைக்காரி நான், சிங்கப்பூரில் பிறந்தவளுக்குச் சிங்கப்பூரைக் கற்பிக்க வேண்டுமாம்! அங்கேயே அந்த மேலாளரைக் கைப்பேசியில் அழைத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

"கற்றுக்கொள்வது யாருக்கும் நல்லதுதானே" என்று ஆங்கிலத்தில் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. "நல்லதுதான். இந்த ஊருக்குப் புதியவர் நீங்கள். நாளை அவள் இடத்தில் நீங்கள் வந்து உட்காருங்கள். இல்லையென்றால் வகுப்பே கிடையாது" என்கிறேன்.

சிரிப்பு நிற்கிறது. வருவதாகச் சொல்கிறார்.

வான்மதி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்கிறாள்.

"அக்கா, நாளைக்கு நானும் வரேன். கிளாஸ நான் எடுக்கறேன்."