சாமி நின்ற தெருவில் நிற்காத வேன்

நெசவாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். "அரசியல் மட்டும் வேணாம் மேஸ்திரி" என்று கூடவே ஒரு சொல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுதுவதே கஷ்டம். அதில் எதை எழுதக்கூடாது என்று வேறு பார்த்துப் பார்த்து எழுத எனக்கு வராது. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

1. பாவு தெருவில் இருந்தது

சென்ற பாராளுமன்றத் தேர்தலில் பிரச்சாரம் ஓய்கிற நாள். காலை ஏழு மணி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாவு விரித்திருந்தோம். சேலையின் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. மூன்று சேலைக்கான இழைகளை வீதியில் அறுபதடிக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஐம்பத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இப்போது இதற்கு நான்தான் மேஸ்திரி. வேறு யாரும் சொல்லமாட்டார்கள், நானே சொல்கிறேன்: என் கையால் போட்ட பாவில் என் தப்பால் சிக்கு விழுந்தது என்று இந்த ஊரில் ஒருத்தன் சொல்லட்டும், அன்றைக்கே தொழிலை விட்டுவிடுகிறேன். என் அப்பா திருமுக்கூடல் பக்கம் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர். இந்தத் தெருவுக்கு அவர் நெல் மூட்டை சுமந்து வந்தால் வாசலோடு நிறுத்திக் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் பிள்ளை விரல் அசைக்காமல் இன்றைக்கு இதே தெருவில் ஒரு பாவு எழும்பாது. எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தூர நின்று பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்ட வேலை இது.

பாவுக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு ஆள். இருவர் கையும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். அன்று ஒரு முனையில் முருகேசன். மறுமுனையில் அவன் மச்சான் தனபால், அதாவது முருகேசனின் மனைவி செல்விக்கு அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அந்தச் சுவர் யாருடையது என்று நான்கு வருஷமாகக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. பேச்சுவார்த்தை கிடையாது. கட்சியும் வேறு வேறு. ஆனால் கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும் என்பது தெருக்கட்டு. பாவு வீதியில் இருக்கும்வரை கட்சி, கேஸ், சுவர் எதுவும் கிடையாது.

"மேஸ்திரி, அந்த ஆள கொஞ்சம் தளத்தச் சொல்லுங்க" என்பான் முருகேசன், எதிரே நிற்பவனைப் பார்க்காமலே.

"மொதல்ல அவர ஒயுங்கா இஸ்து புடிக்கச் சொல்லுங்க மேஸ்திரி. கையில கயிறு இருக்குதா, கட்சிக்கொடி இருக்குதான்னு கேளுங்க."

"டேய், ரெண்டு பேரும் வாய மூடிக்கினு புடிங்கடா."

பாவு செல்வியுடையது. இருபது வருஷம் அவள் முதலாளிகளுக்கு நெய்தவள். மலேசியாவில் ஒரு அம்மா செல்போனில் அவள் வேலையைப் பார்த்து, தன் மூன்று பெண்களுக்கும் ஒரே பாவில் மூன்று சேலை கேட்டிருந்தார். செல்வியின் பெயருக்கே வந்த முதல் ஆர்டர். அங்கே கோயில் கும்பாபிஷேகத்துக்கு மூன்று பெண்களும் ஒரே அரக்கு நிறத்தில் நிற்க வேண்டுமாம். பாவு கெட்டால் ஆர்டரும் போகும், இனி வருவதும் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2. வேன்

எங்கள் தெருவை நடுவில் ஒரு சந்து வெட்டிப் போகிறது. பாவு இருக்கும்போது அந்தச் சந்தில் வருகிற வண்டி நிற்கும், அல்லது சுற்றிக்கொண்டு போகும். ஆம்புலன்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு. நான் குரல் கொடுத்ததும் இரண்டு முனையும் ஒரே அளவு தளர்த்தும், நடுவில் நிற்பவர்கள் நீள மூங்கில் கவையால் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள், வண்டி அடியில் போய்விடும். ஒரு வருஷம் உற்சவத்தில் சாமி புறப்பாடு அந்தச் சந்தில் வந்துவிட்டது. பாவு அரைகுறையாகக் காய்ந்த நேரம். தோளில் சாமியோடு கால்மணி நேரம் நின்றார்கள். மேளக்காரர் கூட வாசிப்பை நிறுத்தி, "ஆவட்டும் மேஸ்திரி, சாமிக்கு அவசரமில்ல" என்றார்.

அன்று வந்தது ஒரு பெரிய தலைவரின் பிரச்சார வேன். மெயின் ரோட்டில் கூட்டம் நெரிந்ததால் சந்துக்குள் திருப்பிவிட்டார்கள். எந்தக் கட்சி, என்ன பெயர் என்று எழுதமாட்டேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். முன்னால் வந்த நான்கு ஆட்கள் கத்தினார்கள்.

"யோவ், தூக்குங்கய்யா! தலைவர் வராரு!"

"இருபது நிமிசம் தம்பி. ஈரமா இருக்குது."

"இருபது நிமிசமா? உலகமே அவருக்காக காத்துக்கினு இருக்குது, நீ நூலப் புடிச்சிக்கினு கத சொல்றியா?"

நான் குரல் கொடுக்கவில்லை. இதை இங்கே எழுத்தில் பதிந்து வைக்கிறேன். குரல் கொடுத்தவன் தனபால். அது அவன் கட்சி. "தூக்குங்கப்பா!" என்று அவன் கத்த, பழக்கத்தில் நடுவில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். வேன் நகர்ந்தது. தலைவர் மேலே நின்று கையசைத்தார். அவரைப் படம் பிடிக்கத் தனபால் ஒரு கையால் செல்போனை எடுத்தான். ஒரு கையில் கயிறு நிற்குமா? நழுவியது. பாவு அப்படியே வேன்மேல் தொய்ந்தது. மறுமுனையில் முருகேசன் விடாமல் இழுத்துப் பிடித்திருந்தான். வேனின் கொடிக்கம்பி இழைகளுக்குள் நுழைந்துகொண்டது. வண்டி நிற்கவில்லை.

பாதி இழை அறுந்தது. மீதி, கஞ்சியோடு மண்ணில் விழுந்து ஒட்டியது.

தலைவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தரம் கையசைத்தார். சற்று நேரத்தில் மைக் சத்தம் காற்றில் வந்தது: உலக நாடுகள் இன்று நம் சொல்லைக் கேட்கின்றன, எல்லா நாடுகளையும் ஒன்றாக இணைக்கப் போவது நாம்தான். கீழே குனிந்து பட்டு பொறுக்கிக்கொண்டே கேட்டேன். இருபது நிமிஷம் ஒரு தெரு சொன்னதைக் கேட்கத் தெரியாதவர், எந்த உலகத்தின் சொல்லைக் கேட்கப் போகிறார்?

தனபாலை அறைந்தேன். எழுபது வயதில் நான் ஒருவனை அறைந்தது அது ஒன்றுதான். "கையை விட்டவனே" என்றேன். அதைவிடக் கெட்ட வார்த்தை எங்கள் தொழிலில் கிடையாது.

3. பிரிக்கிற வேலை

செல்வி அழவில்லை. பாவை வாரிக் கூடத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எவ்ளோ தேறுமோ அவ்ளோ தேத்தலாம் மேஸ்திரி" என்றாள். ஒட்டிய இழையைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்க வேண்டும், அறுந்ததைச் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். முருகேசன் உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்துத் தனபாலும் வந்து எதிரில் உட்கார்ந்தான். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் டிவியில் முன்பு எப்போதோ நடந்த உலக மாநாட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பல நாட்டுத் தலைவர்கள் வரிசையில் நின்று கைகோத்துச் சிரித்தார்கள். தனபாலால் சும்மா இருக்க முடியவில்லை.

"நம்மாளு நடுவுல நிக்கிறாரு பாத்தீங்களா?"

"கண்ணு கெட்டவனே, உன் கையில இருக்குற நூல் எங்கேர்ந்து வந்துச்சு?"

"கர்நாடகா... கொஞ்சம் சீனா."

"சாயம்?"

"டப்பாவுல ஜெர்மன்னு போட்டிருந்துச்சு."

"ஜரிகை சூரத்து, சேல கட்டப் போறது மலேசியா. இத்தனை பேரும் ஒண்ணா புடிச்சாதான் ஒரு சேல. கர்நாடகாவோட தண்ணித் தகராறு, சீனாவோட எல்லைத் தகராறு. ஆனா நூல் வந்துக்கினே இருக்குது. யாரு புடிச்சிக்கினு இருக்கிறான்? போட்டோவுல இருக்கானே, அவனா? எவனோ லாரி ஓட்றவன், எவளோ புழு வளக்கறவ. இவனுங்க போட்டோவுக்குக் கை கோப்பானுங்க, ஊருக்குப் போயி ஆளாளுக்கு அவனவன் முனைய இஸ்துக்குவானுங்க."

முருகேசன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "மேஸ்திரி, அவங்களுக்கும் நடுச்சுவரு கேஸு இருக்கும்போல."

தனபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

4. செல்வி கேட்டது

அடுத்த நாள் ஓட்டு. காலையிலிருந்து கட்சிக்கு ஒரு ஆள் வந்து, "பூத் சிலிப் வந்திச்சா பெரியவரே, ஆட்டோ அனுப்பட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோரையும் விரட்டினேன். "எவனுக்கும் போடமாட்டேன். இனிமே என் விரல்ல மை கிடையாது." உண்மையில் இருபது வருஷமாகவே வேண்டா வெறுப்பாகத்தான் போட்டுவந்தேன். அன்று காரணமும் கிடைத்துவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயந்திரம் நான்கு மணி இருக்கும். செல்வி கண்ணை இழையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"எங்க அண்ணன அறைஞ்சீங்களே மேஸ்திரி, எதுக்கு?"

"கையை விட்டான். அறைஞ்சேன்."

"அப்ப உங்கள யாரு அறையறது?"

"என்னையா? நான் இன்னா பண்ணேன்?"

"உங்க முனையத்தான் விட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கீங்களே. அவன் போன் எடுக்க விட்டான். நீங்க கோவத்துல வுட்டீங்க. பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான?"

ஐம்பத்தாறு வருஷத்தில் பாவு விஷயமாக எனக்கு ஒருத்தர் பாடம் சொன்னது அப்போதுதான். தனபாலும் முருகேசனும் ஒருசேரத் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்க. எழுந்து சட்டையை மாட்டினேன். பள்ளிக்கூடத்து பூத்தில் நீள வரிசை. மை வைக்கிற அம்மா என் விரலில் இருந்த சாம்பலைப் பார்த்துத் துடைக்கத் துணி கொடுத்தார். போட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். ஒருத்தன்மேலும் நம்பிக்கை வைத்துப் போடவில்லை. கோபத்தோடுதான் பட்டனை அழுத்தினேன்.

பாவில் இரண்டு சேலைக்குத்தான் தேறியது. அந்த இரண்டும் சொன்ன நாளுக்குள் மலேசியா போயின. மூன்றாவது பெண் கும்பாபிஷேகத்தில் வேறு சேலையில் நின்றாளாம். செல்வி போனில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "மூணாவது லேட்டானாலும் அனுப்பும்மா, அதே கலர் வரணும்" என்றார் அந்த அம்மா. அதற்குப் புதுப்பாவு போட, அரக்கு நிறத்தை மறுபடி தோய்க்க வேண்டியிருந்தது.

5. மறுபடி கயிறு

அந்தப் புதுப்பாவைத் தெருவில் விரித்த காலையில், ஜெயித்தவர் நன்றி சொல்லத் திறந்த ஜீப்பில் அதே சந்தில் வந்தார். இந்தத் தடவை சந்து முனையில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பெரியவரே, அண்ணன் வராரு. தூக்கச் சொல்லுங்க."

"ஆம்புலன்ஸ்ல வராரா?"

"இன்னா நக்கலா?"

"சாமி கால்மணி நேரம் நின்ன எடம் தம்பி இது. உங்க அண்ணன எறங்கி நிக்கச் சொல்லு."

ஜீப் உறுமியது. நான் எழவில்லை. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. அவருக்குக் கூட்டத்தைப் படிக்கத் தெரியும்போல. இறங்கி வந்து கும்பிட்டார். கேமராக்காரனும் இறங்கினான். "நெசவாளர் தோழர்களோட ஒரு போட்டோ" என்றார்.

"தாராளமா. சும்மா நிக்காதீங்க, இதப் புடிங்க." தனபால் கையிலிருந்த கயிற்றை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

சிரித்தார். படம் எடுத்தார்கள். கயிற்றை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"போட்டோ முடிஞ்சிடுச்சுங்க. பாவு இன்னும் காயல."

"எப்பங்க விடலாம்?"

"விடக்கூடாதுங்க. அதுக்குத்தான் ஓட்டு போட்டோம்."

இரண்டு நிமிஷத்தில் அவர் பக்கம் கயிறு கொஞ்சம் தளர்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. மறுமுனையில், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு முருகேசன் குரல் கொடுத்தான்: "மேஸ்திரி, அந்தப் புது ஆள ஒயுங்கா இஸ்து புடிக்கச் சொல்லுங்க!"

"எம் மச்சான் சொல்றது கரெக்டு, இஸ்து புடிங்க சார்" என்றான் தனபால்.

கால்மணி நேரம் நின்றார். மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. வேனில் போன அந்தத் தலைவரையும் மறக்கவில்லை. இன்றுவரை அவர் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து செல்வியிடம் தப்பு நடந்துவிட்டதம்மா என்று சொல்லவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கயிற்றை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். அவன் கையையே பார்த்துக்கொண்டு தெருவில் நில்லுங்கள்.