பந்தலுக்கு என்று வாங்கிய குழாய்கள்

ஓடியது. ஒரே ஒரு காலை.

நீங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறீர்கள். என் அலுவலகத் தொலைபேசியில் செய்தி சொன்ன உறவினரும், "தேவராஜ் போயிட்டாரும்மா, நெஞ்சுவலி" என்றுவிட்டு, "அந்தக் காரு கடைசி வரைக்கும் ஓடவே இல்லல்ல?" என்றார்.

தேவராஜ் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தா. சோழவரத்துக் கார் பந்தயத்தை ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, கொரட்டூர் வீட்டின் பின்புறம், இரண்டு பேர் அமரும் தாழ்வான கார் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பழைய டாக்சியின் எஞ்சின் கிடைத்தது. மற்றதையெல்லாம் கடை கடையாகத் தேட வேண்டியிருந்தது.

கேன்டீனில் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் தட்டோடு வந்தால் யாராவது வாயாலேயே கியர் மாற்றுவார்கள். "ரேஸ் மாமே வர்றாரு, வழி உடு!" அன்றிலிருந்து கடைகளில் அவருக்குப் பேச்சு வராது. என்னை அழைத்துப் போவார். நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பேசத் தெரிந்தவள் என்று வீட்டில் பெயர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எஃகுக் குழாய்க் கடை. மாமா கனமான குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு நைனா?"

மாமா என்னைப் பார்த்தார்.

"மாடியில பந்தல் போட" என்றேன்.

"பந்தலுக்கு இந்த கனம் வாணாம்மா. காச கரியாக்காத." நல்ல மனிதர். மெல்லிய குழாய்களை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். மறுக்க வழியில்லை. வெளியே வந்ததும் மாமா, "நல்லா சமாளிச்ச பாப்பா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவருக்காகச் சொன்ன பொய் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், ரேஸ் கார் என்று சொல்லி அவரோடு நிற்க எனக்குத்தான் கூச்சம்.

ரப்பர் குழாய்க் கடையில், தோட்டத்து மோட்டாருக்கு என்றேன். தண்ணீருக்கான ஹோஸ் கிடைத்தது. மாமா அதையே பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பொருத்தினார்.

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய சாலை. பலகை இருக்கையில் நான். தரை அவ்வளவு அருகில் ஓடி நான் பார்த்ததில்லை. மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு பெட்ரோல் வாடை. ஹோஸ் ஊறி, உப்பி, நழுவியிருந்தது. அவருடைய கால்சட்டை நனைந்துகொண்டிருந்தது. "எறங்கு! எறங்கு பாப்பா!" என்று என்னைத் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்தார்.

தீப்பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். வந்த பிறகுதான் கண்ணில் பட்டது: பந்தல் குழாய்ச் சட்டம் நடுவில் வளைந்திருந்தது.

"நாம சொன்ன பொய் நமக்குத்தான் தெரியும். ஓஸுக்கு இன்னா தெரியும்?" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அந்த ரப்பர் குழாய்க் கடையில் அவரே பேசினார். குரல் நடுங்கியது.

"அண்ணே, தோட்டம்னு சொன்னது பொய். ரேஸ் காரு கட்டிக்கினு கீறேன்."

"அந்த ஓஸையா பெட்ரோலுக்குப் போட்ட? உசுரு மேல ஆசையில்லியா? மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"சிரிப்பீங்கன்னு…"

"சிரிப்பேன்தான். சிரிச்சிட்டு சரியான ஓஸ குடுத்திருப்பேன்."

சிரிக்கவும் செய்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றேன்.

அதன்பின் மாமா தனியாகவே கடைகளுக்குப் போனார். கனமான குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கி, பழையதை அறுத்து, சட்டத்தை முதலிலிருந்து கட்டினார். அவர் போனபோது அது பாதியில் இருந்தது.

சாவு வீட்டில், பின்கட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒருவர் காரை மூடியிருந்த தார்ப்பாயைக் காட்டி, "அது இன்னாம்மா?" என்றார்.

"பழைய இரும்பு, பெரியப்பா."

யோசிக்காமல் வந்தது. நன்றாகவும் வந்தது.

மறுநாள் காலை, சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனவர்கள் திரும்பும் முன்பே, காயலான் கடை வண்டி வாசலில் நின்றது. அனுப்பியவர் பெரியப்பா. உதவி என்று நினைத்து. வண்டிக்காரர் தார்ப்பாயைப் பாதி விலக்கி, ஒரு குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கிறதுக்கில்ல. அது காரு. எங்க மாமா கட்டினது. ரேஸ் காரு."

"இதுவா?" என்று சிரித்தார்.

மாமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் கட்டியது அல்ல. அன்று கடையில், நடுங்கிக்கொண்டே, அதற்குரிய பெயரைச் சொன்னாரே, அது. அதையும் தாமதமாகத்தான்.

வண்டிக்காரர் போனபின் தார்ப்பாயை முழுவதும் எடுத்து, மடித்து, உள்ளே வைத்தேன்.